வரிசை மூன்று வகை



சென்ற வாரம் சர்க்கரையும் பிரஷரும் பார்த்துக்கொள்ள டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. முன்பெல்லாம் நேரே போய் உட்கார்ந்துவிடலாம். இப்போது காலை ஏழு மணிக்குப் போன் செய்து பெயர் கொடுக்க வேண்டும். ஏழு மணிக்கு அடித்தேன், எங்கேஜ்டு. ஏழு ஐந்துக்கு அடித்தேன், மறுபடியும் எங்கேஜ்டு. ஏழு பத்துக்கு ஒரு பெண் எடுத்து, "முப்பத்தெட்டு, சாயங்காலம் ஆறரைக்கு மேல வாங்க தாத்தா" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஆறரைக்குப் போனேன். உள்ளே கூப்பிடும்போது மணி எட்டே முக்கால்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "அந்தக் காலத்துல இப்படியா சார் இருந்துச்சு?" என்று அலுத்துக்கொண்டார். நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு யோசித்தபோதுதான், அந்தக் காலத்திலும் காத்துக்கொண்டுதானே இருந்தோம் என்று தோன்றியது. யார் காத்திருந்தார்கள், எங்கே காத்திருந்தார்கள் என்பதுதான் மாறியிருக்கிறது. அந்தக் கதையைக் கொஞ்சம் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். இதில் நான் செய்த தப்பு ஒன்றும் வரும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் வீட்டுத் திண்ணை

நான் பிறந்தது 1950-ல், காரைக்காலில். படித்தது பிரெஞ்சு மீடியம். அம்மா பிறந்த ஊர் நம்ம திருக்காட்டுப்பள்ளி. கோடை விடுமுறைக்கு அன்று இருந்த சின்ன ரயிலில் பேரளம் வந்து, மாயவரத்தில் வண்டி மாறி, பூதலூரில் இறங்கி, மாட்டு வண்டியில் ஊர் வந்து சேருவோம். குடமுருட்டியில் விழுந்து கிடப்பதுதான் வேலை. அதனால் வருஷா வருஷம் எனக்கு ஒரு காய்ச்சலும் நிச்சயம்.

காய்ச்சல் வந்தால் எல்.எம்.பி. டாக்டர். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்.எம்.பி. என்றால் தெரியாது. எம்.பி.பி.எஸ். மாதிரி பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. மெடிக்கல் ஸ்கூலில் படித்து, தொழில் செய்ய லைசென்ஸ் வாங்கிய டாக்டர்கள் அவர்கள். சின்ன ஊர்களில் வைத்தியம் பார்த்தவர்களில் நிறையப் பேர் இவர்கள்தான்.

டாக்டர் வீட்டில் நீளமான திண்ணை. உள்ளே போகும் வழியில் கம்பவுண்டர். மருந்துக்கு நாமே பாட்டில் கொண்டு போக வேண்டும். சிவப்பாகவோ ரோஸ் நிறத்திலோ மிக்ஸ்சர் ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்பதற்குக் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டிப் பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டித் தருவார். கையில் காசு இல்லாதவர்கள் அறுவடை முடிந்து நெல்லாகக் கொடுத்ததும் உண்டு. டோக்கன், நோட்டு எதுவும் கிடையாது. யார் முதலில், யார் பிறகு என்பது கம்பவுண்டரின் கண்ணில் இருந்தது.

அந்தக் கண் எப்படிப் பார்த்தது என்பதையும் சொல்ல வேண்டும். மிராசுதார் வீட்டு வண்டி வந்தால் நேரே உள்ளே. அடுத்து அக்ரஹாரம், கடைத்தெரு முதலாளிகள், வாத்தியார்கள். இவர்களுக்குத் திண்ணை. கோவிலடி, விஷ்ணம்பேட்டைப் பக்கமிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த குடியானவர்கள் வாசலில். பண்ணையாட்களும் சேரியிலிருந்து வந்தவர்களும் தெருவில் பூவரச மரத்தடியில். அவர்களுக்கு உட்காரும் இடம் என்று ஒன்று கிடையாது. திண்ணை காலியாக இருந்தாலும் நின்றுகொண்டுதான் இருப்பார்கள்.

எனக்குப் பத்து வயது இருக்கும். அம்மாச்சி என்னை அழைத்துப் போனார். நாங்கள் போனபோது வெயில் ஏறிவிட்டது. மரத்தடியில் ஒருவர் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார். குழந்தையின் தலை தொங்கிக் கிடந்தது. நாங்கள் போன ஐந்தாவது நிமிஷம் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். "அம்மாச்சி, அவங்க நமக்கு முன்னாடியே வந்துட்டாங்களே?" என்று கேட்டேன். "நாம போயிட்டு வந்தாத்தான்டா அவங்களக் கூப்பிடுவாங்க" என்றார் அம்மாச்சி. அவர் கெட்டவர் இல்லை. அப்படித்தான் உலகம் என்று நம்பியவர். மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோதும் அந்த மனிதர் நின்றுகொண்டுதான் இருந்தார்.

பாம்புக்கடி என்றால் மட்டும் கம்பவுண்டர் யாரென்று கேட்க மாட்டார், கட்டிலோடு உள்ளே தூக்கி வரச் சொல்வார். மற்ற நாளெல்லாம் மதிப்பைப் பார்த்து வரிசை. இது முதல் வகை.

அந்த டாக்டர்கள் எங்கே போனார்கள்?

கிராமத்துக்கு டாக்டர் கிடைப்பது அன்றைக்கும் பெரிய பிரச்சினைதான். சென்னை ராஜதானியில் பனகல் அரசர் முதல்வராக இருந்தபோது, 1924 வாக்கில் ஒரு திட்டம் வந்தது. கிராமத்தில் போய்த் தொழில் நடத்தச் சம்மதிக்கும் டாக்டருக்கு மானியமாக ஒரு தொகை கொடுப்பது, மற்றபடி அவர் சொந்தமாகப் பிராக்டீஸ் செய்துகொள்வது என்று ஏற்பாடு. எல்.எம்.பி. படித்தவர்கள் கிராமத்துப் பக்கம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு 1943-ல் சர் ஜோசப் போர் தலைமையில் ஒரு கமிட்டி அமைத்தார்கள். 1946-ல் அறிக்கை வந்தது. நாடெங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வேண்டும் என்று சொன்ன அதே அறிக்கை, டாக்டர் படிப்பு இனி ஒரே தரமாக இருக்க வேண்டும், லைசென்ஸ் படிப்பு வேண்டாம் என்றும் சொன்னது. அதற்கு முன்பே மெடிக்கல் ஸ்கூல்கள் காலேஜாக மாறத் தொடங்கியிருந்தன. சென்னை ஸ்டான்லி 1938-ல் மாறியது.

பிரெஞ்சுக்காரர்களும் இதே பாதையில் போனவர்கள்தான். 1803-ல் ஒரு சட்டம் போட்டு, முழு டாக்டருக்குக் கீழே 'ஒஃபிசியே தெ சாந்த்தே' என்று ஓர் இரண்டாம் நிலை வைத்தியரைக் கொண்டுவந்தார்கள். கிராமங்களுக்காக ஏற்பட்ட பதவி. 1892-ல் அதை ஒழித்தார்கள். புதுச்சேரியில் அவர்கள் 1823-ல் தொடங்கிய மருத்துவப் பள்ளி 1956-ல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆகி, 1964-ல் ஜிப்மர் ஆயிற்று.

தரம் உயர்ந்தது நல்லதுதான். குறை சொல்லவில்லை. ஆனால் திண்ணையில் உட்கார்ந்து பார்த்த டாக்டர் காலமானபோது, அந்த இடத்துக்கு வேறொருவர் சுலபத்தில் வரவில்லை. பட்டம் படித்தவர்கள் தஞ்சாவூர், திருச்சியில் தங்கினார்கள். 1952-லிருந்து ஆரம்ப சுகாதார நிலையங்கள் வந்தன, ஆனால் அங்கே பகல் வேளைதான் பிரதானம். அறுவடை, நடவுக் கூலியை விட்டுவிட்டுப் பகலில் யார் போவார்கள்? நம் மாநிலத்தில் அரசு டாக்டர்கள் பணி நேரம் போகச் சொந்த கிளினிக் வைத்துக்கொள்ளலாம். ஆகவே டாக்டர் ஆஸ்பத்திரி டியூட்டி முடித்து, சாப்பிட்டு, பஸ் பிடித்து வந்து சாயங்காலம் கிளினிக்கைத் திறப்பார். வைத்தியம் சாயங்கால வியாபாரம் ஆனது இப்படித்தான். "டாக்டர் வந்துட்டாரா?" என்று கேட்டுக்கொண்டு ஐந்து மணிக்கே ஊர் கூடிவிடும். அவர் ஏழு மணிக்கு வருவார்.

டோக்கன் வந்தது

கூட்டம் சேர்ந்தால் வரிசை வேண்டும். முதலில் செருப்பு, துண்டு, செங்கல் என்று எதையாவது போட்டு இடம் பிடித்தார்கள். அப்புறம் கிளினிக்கை ஒட்டிய மெடிக்கல் ஷாப்பில் ஒரு நோட்டு. காலையில் போய்ப் பெயர் எழுதிவிட்டு வந்தால் சாயங்காலம் அந்த வரிசையில் கூப்பிடுவார்கள். பிறகு அட்டையில் நம்பர் எழுதிய டோக்கன். பாங்கில் பித்தளை டோக்கன் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதில்லை.

இந்த டோக்கனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். மரத்தடியில் நின்றவரைப் பெஞ்சில் உட்காரவைத்ததில் இந்த அட்டைத் துண்டுக்கும் பங்கு உண்டு. ஏழாம் நம்பர் கையில் இருந்தால் ஏழாவதாக உள்ளே போகலாம். எட்டாம் நம்பர் மிராசுதாராக இருந்தாலும் பின்னால்தான். நம்பருக்குச் சாதி தெரியாது. நான் 1971 முதல் 2010 வரை காரைக்காலில் அரசு அலுவலக எழுத்தராக இருந்தவன். வந்த வரிசையில்தான் மனுவைப் பதிய வேண்டும் என்பதில் பிடிவாதக்காரன். அந்தப் பிடிவாதத்துக்கு மரத்தடி மனிதரும் ஒரு காரணம். எண்ணைப் பார்த்து வரிசை, இது இரண்டாவது வகை.

கண்ணுக்குத் தெரியாத வரிசை

டோக்கனுக்குப் பிறகு போன் வந்தது, இப்போது செல்போன் ஆப் வந்திருக்கிறது. பெங்களூரில் 2008-ல் தொடங்கிய பிராக்டோ மாதிரி நிறுவனங்கள் பெரிய நகரங்களில் டாக்டர் நேரத்தை ஆன்லைனில் பதிந்து தருகின்றன. அரசு ஆஸ்பத்திரிகளிலும் க்யூ.ஆர். கோடு ஸ்கேன் செய்து ஓ.பி. சீட்டு வாங்கும் முறை வந்துகொண்டிருக்கிறது.

பிரெஞ்சில் அப்பாயின்ட்மென்டுக்கு 'ரான்தேவூ' என்று பெயர். அந்தச் சொல்லைப் பிரித்தால் 'வந்து ஆஜராகு' என்று அர்த்தம், கோர்ட் சம்மன் மாதிரி! நோயாளிக்கு அவர்கள் சொல்லும் சொல்லும், ஆங்கிலத்தில் 'பேஷன்ட்' என்பதும் லத்தீனில் ஒரே வேரிலிருந்து வந்தவை. பொறுத்துக்கொள்கிறவர், வேதனைப்படுகிறவர் என்று பொருள். பெயரிலேயே காத்திருப்பு இருக்கிறது.

நேரம் குறித்துக் கொடுத்தும் ஏன் தாமதம் ஆகிறது? இதை இங்கிலாந்தில் நார்மன் பெய்லி என்ற புள்ளியியல் அறிஞர் 1952-ல் ஆராய்ந்தார். ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசைகளைப் பற்றிய ஆய்வு அது, ஆனால் நம் கிளினிக்குக்கும் பொருந்தும். டாக்டர் ஓர் ஆளுக்குச் சராசரி ஐந்து நிமிஷம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு இரண்டு நிமிஷம், இன்னொருவருக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். தாமதம் ஆனால் அடுத்தவர்கள் எல்லோர் தலையிலும் விழுகிறது. சீக்கிரம் முடிந்தாலோ அடுத்தவர் இன்னும் வரவில்லை, மிச்சமான நேரம் வீண். அதனால் தொடக்கத்தில் இரண்டு பேரை வரச் சொல்லிவிட்டு, மற்றவர்களைச் சராசரி நேர இடைவெளியில் வரவழைத்தால் டாக்டரும் சும்மா இருக்க மாட்டார், கூட்டமும் அதிகம் சேராது என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். நம்மிடமோ நாற்பது பேரையும் ஆறரைக்கே வரச் சொல்லிவிடுகிறார்கள். அதில் டாக்டரின் நேரம் ஒரு நிமிஷமும் வீணாகாது. வீணாவது நம்முடையது.

இங்கிலாந்தில் 1948 ஜூலை 5-ல் தேசிய மருத்துவ சேவை தொடங்கிய காலத்தில், குடும்ப டாக்டரிடம் பெரும்பாலும் நேரே போய் உட்காருவதுதான் வழக்கம். 1960, 70-களில் அப்பாயின்ட்மென்ட் முறை பரவியது. பிறகு காத்திருக்கும் நாள் கூடிக்கொண்டே போனதால், 2004-க்குள் எவரும் 48 மணி நேரத்தில் குடும்ப டாக்டரைப் பார்க்க முடிய வேண்டும் என்று அரசு இலக்கு வைத்தது. என்ன ஆயிற்று தெரியுமா? பல இடங்களில் இரண்டு நாளுக்கு மேல் முன்கூட்டிப் பதிவதையே நிறுத்திவிட்டார்கள். அடுத்த வாரத்துக்குப் பதிந்தால்தானே இலக்கு தவறும்! 2005 தேர்தல் சமயத்தில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பொதுமக்களில் ஒரு பெண் எழுந்து, அடுத்த வாரத்துக்கு நேரம் கேட்டால் கொடுக்க மாட்டேன் என்கிறார்களே என்று பிரதமர் டோனி பிளேரையே கேட்டுவிட்டார். அவருக்கு அப்படி நடப்பது தெரிந்திருக்கவில்லை. அரசு அலுவலகத்தில் இருந்த நம்மைப் போன்றவர்களுக்கு இது ஆச்சரியமே இல்லை. 'நிலுவை இல்லை' என்று மாத அறிக்கை அனுப்ப வேண்டுமென்றால், மனுவைப் பதியாமலே வைத்திருக்கும் வித்தை நமக்குத் தெரியாதா?

பிரான்சில் 2004 சட்டப்படி ஒவ்வொருவரும் ஒரு குடும்ப டாக்டரைத் தேர்ந்து பதிவு செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் திரும்பக் கிடைக்கும் பணம் குறையும். பாரிஸ் பக்கம் குடியேறிய என் சித்தப்பா மகன், "பழைய டாக்டர் ஓய்வு பெற்றுட்டார் அண்ணா, புதுசா யாரும் சேர்த்துக்க மாட்டேங்கிறாங்க" என்கிறான். 2013-ல் வந்த டாக்டோலிப் என்ற ஆப்பில் நேரம் தேடுகிறானாம். டாக்டர் கிடைக்காத பகுதிகளுக்கு அங்கே 'மருத்துவப் பாலைவனம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் மார்க் மரே என்ற டாக்டர் 1990-களில் ஒரு வழி கண்டார். தினம் இருபது கோப்பு வந்து இருபது கோப்பு முடிகிறது, ஆனாலும் மேஜையில் ஒரு மாத நிலுவை இருக்கிறது என்றால், அந்த நிலுவை ஆயுசுக்கும் குறையாது. கொஞ்ச நாள் கூடுதலாக உட்கார்ந்து அதைத் தீர்த்துவிட்டால், அப்புறம் அன்றைய தபாலை அன்றே முடிக்கலாம். நோயாளிகளை அவர் அப்படித்தான் பார்த்தார். இன்று கூப்பிட்டவருக்கு இன்றே வைத்தியம்.

நம் மாநிலத்திலும் நல்லது நடந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டிலேயே கொண்டுவந்து தருகிறார்கள். மாத்திரைக்காக மட்டும் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றவர்கள் பலருக்கு அந்த வேலை மிச்சம். 2020-ல் கொரோனா சமயத்தில் வந்த இ-சஞ்சீவனியில் வீட்டிலிருந்தே அரசு டாக்டரிடம் பேச முடிந்தது.

ஆனால் போன் வரிசையில் ஒரு குறை. ஏழு மணிக்கு அடித்து, லைன் கிடைக்காமல் விட்டுவிட்டவர் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. மரத்தடியில் நின்றவரையாவது பத்து வயதுப் பையன் பார்த்தான்.

என் தப்பு

நான் ஓய்வு பெற்று அம்மா வீட்டுக்கே குடிவந்த அடுத்த வருஷம், 2011 ஐப்பசி. நல்ல மழை. எங்களோடு இருந்த என் அக்காவுக்குக் காலையிலிருந்து வாயு மாதிரி இருக்கிறது, முதுகு வலிக்கிறது என்றார். அவருக்குச் சர்க்கரை உண்டு. சாயங்காலம் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். எந்த கிளினிக், எந்த ஊர் என்பது வேண்டாம். டோக்கன் முப்பத்தொன்று. இருபதாம் நம்பர் உள்ளே இருந்தார்.

அக்கா, "தம்பி, என்னமோ பண்ணுதுடா" என்றார். "இன்னும் பத்து பேர்தான் அக்கா, கொஞ்சம் பொறுத்துக்க" என்றேன். உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முப்பத்தொன்பது வருஷம் மற்றவர்களை வரிசையில் நிற்கச் சொன்னவன், நம்ம வீட்டு ஆள் என்றதும் முந்தலாமா என்று கௌரவம் பார்த்தேன். அக்காவும் கூச்சப்பட்டவர். கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

எதிர் பெஞ்சில் இருமுகிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் இருந்தார். நடவு வேலைக்குப் போகிறவர் என்று கால் சேற்றைப் பார்த்தாலே தெரியும். அவர்தான் எழுந்து வந்து அக்காவின் கையைத் தொட்டுப் பார்த்தார். "மழைல இப்படி வேர்த்து ஊத்துதே, கை சில்லுனு இருக்கே" என்றார். நம்பர்படிதான் அனுப்புவோம் என்று நர்ஸ் சொன்னபோது, தன் அட்டையை நீட்டி, "என் நம்பர்ல இவங்கள விடுங்க. முப்பத்தொண்ண எனக்குக் குடுங்க" என்றார்.

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மாரடைப்பு. மாத்திரை கொடுத்து, 108-ல் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். அக்கா பிழைத்தார், அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். சர்க்கரை உள்ளவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமலே வரலாம், வியர்வை, முதுகு வலி, மூச்சு வாங்குவது, வாயு மாதிரி ஒரு தொந்தரவு இருந்தாலே சந்தேகப்பட வேண்டும் என்று அங்கே டாக்டர் சொன்னார். இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. ஆம்புலன்சில் போகும்போது பின்னால் பார்த்தேன். முப்பத்தொன்றாம் நம்பரோடு குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

மூன்றாவது வகை

பள்ளியில் படித்த ஒரு பிரெஞ்சுச் சொல் அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. 'திரியாஜ்'. தரம் பிரிப்பது என்று பொருள். கம்பளி, காப்பிக்கொட்டை பிரிப்பதற்குச் சொன்ன சொல். நம் பெண்கள் முறத்தில் போட்டுப் பதரையும் நெல்லையும் பிரிப்பது போல. நெப்போலியன் படையில் பெரிய சர்ஜனாக இருந்த டொமினிக் லாரே, காயம் பட்டவர்களில் அதிகாரி யார், சிப்பாய் யார் என்று பார்க்காமல், யாருக்குக் காயம் மோசமோ அவரை முதலில் பார்க்க வேண்டும் என்றார். இன்று உலகம் முழுக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இந்தச் சொல்தான். நம் அரசு மருத்துவமனைகளிலும் அவசரப் பிரிவில் வந்தவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துப் பார்க்கிறார்கள். தேவையைப் பார்த்து வரிசை, இதுதான் மூன்றாவது வகை.

பழைய கம்பவுண்டருக்கு அந்தக் கண் இருந்தது. பாம்புக்கடி வந்தால் திறந்துகொண்டது, மற்ற நேரம் ஆளின் வேட்டியைப் பார்த்தது. டோக்கன் வேட்டியைப் பார்ப்பதை நிறுத்தியது, கூடவே முகத்தைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டது. டோக்கன் இருக்கட்டும், போன் இருக்கட்டும். வாசல் பெஞ்சை அரை மணிக்கொரு தரம் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனால் போதும். அதற்கு மெஷின் எதுவும் வேண்டாம்.

சென்ற வாரம் அந்த டோக்கன் பெண்ணிடம் இதைச் சொன்னேன். "சரி தாத்தா" என்று சிரித்தாள். கிழவனின் புத்திமதி என்று நினைத்திருப்பாள். ஆனால் எட்டு மணி வாக்கில் போனை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். பெஞ்சின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

உங்கள் ஊர் டாக்டர் வீட்டில் யார் திண்ணையில் உட்கார்ந்தார்கள், யார் மரத்தடியில் நின்றார்கள் என்று உங்களுக்கும் நினைவிருக்கும். பேரப்பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.